சிவக்காத உலோகம்

கிணற்றுமேட்டில் அத்தனை பேர் கூடி நின்றும் பேச்சே இல்லை. கவலை கட்டித் தோல்சாலில் தண்ணீர் இறைக்கும் மாடுகளின் மூச்சும், கீழே கல்லின்மேல் சம்மட்டி விழும் ஓசையும்தான் கேட்டன. நல்லம்பள்ளிச் சாலையோரத்துப் பட்டறையிலிருந்து ஓடிவந்த சென்றாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தான்.

வெயிலில் வந்த கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் பிடித்தது. கிணற்றின் அடியில் மாட்டுவண்டி அளவுக்கு ஒரு பாறை சாய்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் அவனுடைய அக்காள் புருஷன் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தார். வலதுகால் முழங்காலுக்குக் கீழே பாறைக்கு அடியில் போயிருந்தது. தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"யாரு, மாப்ளயா?" என்று கீழிருந்து குரல் வந்தது. "உங்கக்காள அழ வேணாம்னு சொல்லுடா. இங்க இருக்கற தண்ணியே ஜாஸ்தி."

யாரும் சிரிக்கவில்லை. விளிம்பில் குந்தியிருந்த அக்காள் ராமக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம். மழை பொய்த்த சித்திரை. சென்னப்பன் தன் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். கிணறு வெட்டும் ஆட்களுக்குத் தீர்த்தகிரிதான் தலைவர். வெடி வைத்தால் புகை அடங்கியதும் தலைவர்தான் முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும்; மற்றவர்களை அவர் கூப்பிட்ட பிறகுதான் இறக்குவார்கள். அன்று காலையிலும் அப்படித்தான் இறங்கினார். வெடியில் அசைந்திருந்த ஒரு பாறை அவர் கீழே நின்றபோது சறுக்கியது. அது இருந்த இடத்திலிருந்து ஒரு ஊற்று பீறிட்டது. ஊரே இரண்டு கோடையாகத் தேடிய தண்ணீர், வரக்கூடாத நேரத்தில் வந்தது.

அந்தப் பாறை சறுக்கும்போது இன்னொரு காரியத்தையும் செய்துவிட்டுப் போயிருந்தது. கிணற்றின் நடுவயிற்றில் பாறையைக் குடைந்து ஒரு மேடை. அதில் இருந்த என்ஜின் பம்பை இடித்துவிட்டது.

பம்பை ஏன் மேலே வைக்காமல் கிணற்றுக்குள் வைக்கிறார்கள் என்று கேட்கலாம். பம்பு தண்ணீரை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் தள்ளும். ஆனால் உறிஞ்சும் வேலையை உண்மையில் செய்வது பம்பு அல்ல, காற்று. பம்பு குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் காற்று கிணற்றுத் தண்ணீரின் தலையில் அழுத்தி அதைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. காற்றின் பலம் நாலு ஆள் உயரத்துக்குமேல் போதாது. அதனால்தான் ஆழக் கிணறுகளில் பம்பு பாதி வழி இறங்கி உட்கார வேண்டியிருக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று தண்ணீரை ஏற்றாமல் அந்த ஓட்டை வழியே தானே குறுக்கே புகுந்துவிடும். பிறகு பம்பு இரைச்சல்தான் போடும்; தண்ணீர் ஏறாது.

இந்தப் பம்பில் விழுந்திருந்தது ஊசி ஓட்டை இல்லை. நத்தைக்கூடுபோல் சுருண்ட மேலோட்டின் உறிஞ்சுவாய் விளிம்பு, இரண்டு போல்ட்டுத் துளைகளோடு பிய்ந்து தனியே வந்திருந்தது. அங்கிருந்து ஒரு விரிசல் வயிறுவரை ஓடியது. சாக்கும் தாரும் வைத்துச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். எருமை சேற்றில் மூச்சுவிடுவதுபோல் ஒரு சத்தம் வந்ததோடு சரி.

சென்னப்பன் சென்றாயனின் தோளைப் பிடித்துத் தூக்கினார். பெரிய பண்ணைக்காரர், அன்று தானே குனிந்து கீழே கைகாட்டினார்.

"பாறையில ஆப்புக் குழி வெட்டிட்டு இருக்காங்க. பொழுது சாயறதுக்குள்ள பொளந்துடலாங்கறாங்க. ஆனா குழி வெட்டற கோட்டுக்கு மேல தண்ணி ஏறிடுச்சுன்னா சம்மட்டி எடுபடாது. ரெண்டு கவலையும் ஓட்டறோம். அப்படியும் ஏறுது."

"வெடி?"

"பக்கத்துல ஆள வெச்சுக்கிட்டா?"

ஆக, பாறையைப் பிளக்கத் தண்ணீர் இறங்க வேண்டும். தண்ணீர் இறங்கப் பம்பு ஓட வேண்டும். பம்பு ஓட அந்த விளிம்பு ஒட்ட வேண்டும். கழற்றி மேலே கொண்டுவந்திருந்த மேலோட்டைச் சென்றாயன் தூக்கிப் பார்த்தான். அதன் கனம் அவனைத் திடுக்கிட வைத்தது. இவ்வளவு பெரிய வார்ப்பு பலாப்பழ எடைகூட இல்லை.

"இது வார்ப்பிரும்பு இல்லீங்களே."

"பட்டணத்துல குண்டு போட்டா தீயணைக்கறதுக்குன்னு செஞ்ச பம்புடா. ரெண்டாளு தூக்கிட்டு ஓடறதுக்காக அலுமினியத்துல வார்த்திருக்கான்."

சென்றாயன் மேலோட்டை மெல்லக் கீழே வைத்தான். பித்தளை ஒட்டுவான், வார்ப்பிரும்பு ஒட்டுவான். தொப்பூர் மலைச்சாலையில் உடைந்துபோகும் பஸ்களில் அவன் கை படாதது குறைவு. அலுமினிய வார்ப்பை மட்டும் அவன் ஒட்டியதே இல்லை. பெங்களூரில் ஒருவன் ஒட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். அவன் ஏதோ வெள்ளைப் பொடியைத் தடவினான். அந்தப் பொடி இப்போது சிப்பாய்களின் பட்டறைகளில் தவிர எங்கும் கிடையாது.

பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் ஒன்று புகைந்துகொண்டு வண்டிப்பாதையிலேயே வந்து நின்றது. டிரைவர் சவுரியப்பன் குதித்தான். பட்டறையிலிருந்த காஸ் ஒட்டுக்குழல், காஸ் உண்டாக்கும் கார்பைடு டிரம், ஆக்ஸிஜன் சிலிண்டர், துருத்தி, கரி, கையில் அகப்பட்ட இரும்புச் சாமான் எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"பாசஞ்சரெல்லாம் புளியமரத்தடியில உக்காந்து என்னத் திட்டறாங்க. திட்டட்டும். சிலிண்டர் முள்ளப் பாத்தியா? படுத்தே கெடக்குதுடா."

சென்றாயன் பார்த்தான். மீதி இருந்தது அடிமண்டிதான். சேலத்திலிருந்து அடுத்த சிலிண்டர் என்று வருமோ தெரியாது.

அவன் விரிசலின் இரு கரைகளையும் அரத்தால் சரிவாகச் சீவி, வாய்க்கால்போல் ஆக்கினான். பிய்ந்த துண்டை அதன் இடத்தில் பொருத்திக் கம்பியால் கட்டினான். பிறகு காஸைப் பற்றவைத்து, பித்தளைக்குச் செய்வதையே செய்தான். அவனுக்குத் தெரிந்தது அதுதான். வெங்காரத்தைத் தூவினான். வெங்காரம் உருகிக் கண்ணாடிபோல் ஓடினால் உலோகத்தின் அழுக்கைத் தின்றுவிடும். உலோகம் செம்பருத்தி நிறத்துக்குச் சிவந்தால் கம்பியைத் தொட்டுவிட வேண்டியதுதான். பன்னிரண்டு வருஷமாக அவன் கண் அந்தச் சிவப்பை நம்பியே வேலை செய்தது.

வெங்காரம் பொரிந்து வெள்ளையாக நின்றது. ஓடவில்லை. உலோகமும் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"சூடு பத்தல," என்று தீயைக் கூட்டினான்.

அப்போதும் நிறம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினான். அடுத்த கணம், எந்த அறிவிப்பும் இல்லாமல், விளிம்பு தொய்ந்தது. உள்ளங்கை அளவு உலோகம் பொத்தென்று மண்ணில் விழுந்தது.

சவுரியப்பன் குனிந்து பார்த்தான். "என்னடா இது, வெண்ணெ மாதிரி போயிடுச்சு?"

சென்றாயன் தீயை அணைத்தான். கை அணைத்ததே தவிர அவன் அசையவில்லை. முன்பு உடைந்திருந்தாலும் இரண்டு துண்டாகவாவது இருந்தது. இப்போது ஒரு பகுதி இல்லவே இல்லை. சிலிண்டரின் முள் இன்னும் இறங்கியிருந்தது. கிணற்றுக்குள் சம்மட்டி ஒருமுறை நின்று, மறுபடி விழத் தொடங்கியது. ஒவ்வொரு அடியும் அவன் முதுகில் விழுவதுபோல் இருந்தது.

"ஏண்டா?" ராமக்கா எதிரே நின்றாள். "ஏண்டா நிறுத்திட்ட?"

"செவக்கவே இல்லக்கா. செவக்காம உருகிடுச்சு."

"அது எப்படிச் செவக்கும்?"

அவன் நிமிர்ந்தான்.

"போன மாசம் அலுமினியக் குண்டானை அடுப்புல வெச்சிட்டு ஆட்டை ஓட்டப் போனேன். தண்ணி சுண்டிப்போச்சு. வந்து பாக்கறேன், வெள்ளையாத்தான் இருந்துச்சு. துணியப் புடிச்சுத் தூக்கினேன், அடி மட்டும் அடுப்புலயே நின்னுடுச்சு. மண்சட்டி செவக்கும், இரும்புச்சட்டி செவக்கும். இது கடைசி வரைக்கும் வெள்ளையா மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருந்து கழுத்தறுக்கும்டா."

"அப்ப சூட்டை எத வெச்சுப் பாக்கறது?"

அவன் அவளைக் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். ஆனால் அவள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள்.

"சட்டி காஞ்சுச்சான்னு எத வெச்சுப் பாப்பாங்க? ஒரு சிட்டிகை மாவு போட்டாத் தெரியுது."

வேலையாட்களுக்குக் களி கிண்ட அவள் கொண்டுவந்திருந்த கேழ்வரகு மாவுப் பை மரத்தடியில் அப்படியே கிடந்தது. சென்றாயன் எழுந்து ஓடி அதை எடுத்துவந்தான்.

மண்ணில் விழுந்த துண்டு இனி எதற்கும் ஆகாது. அதைத்தான் முதலில் கரிநெருப்பில் வைத்தான். துருத்தி ஊதினான். மாவைத் தூவினான். மாவு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது, பிறகு வறுத்த வாசனை வந்தது, பழுப்பானது, கறுத்தது. கறுத்து, புகை நின்ற பிறகும் உலோகம் உறுதியாகவே இருந்தது. இன்னும் ஊதியபோது, அரத்தின் வாலால் குத்திப் பார்த்தான். அந்த முனை உள்ளே புதைந்தது.

ஆக, மாவு கறுக்கும் சூடு வேறு, உலோகம் இளகும் சூடு வேறு. இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. மாவு கறுக்கும்வரை மேலோடு முழுவதையும் கரியில் பயமில்லாமல் காய்ச்சலாம். அதற்குமேல் வேண்டிய கொஞ்சம் சூட்டை மட்டும் காஸிலிருந்து எடுத்தால் போதும். இருக்கும் ஆக்ஸிஜனில் முடிந்தாலும் முடியலாம்.

குத்திய இடத்தில் இன்னொன்றையும் பார்த்தான். இளகிய உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய தோல், காய்ச்சிய பாலின்மேல் ஆடை சுருங்குவதுபோல் சுருங்கி நின்றது. உள்ளே பாதரசம்போல் பளபளப்பு. மேலே இந்தத் தோல். அலுமினியம் காற்றுப் பட்ட மாத்திரத்தில் போர்த்திக்கொள்ளும் போர்வை அது. உள்ளே இருப்பது உருகினாலும் அது உருகாது. இரண்டு தோல்பைகளில் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் கலக்குமா? பெங்களூர்க்காரனின் வெள்ளைப்பொடி இந்தத் தோலைத்தான் தின்றிருக்கிறது. பொடி இல்லை என்றால் தோலைக் கிழிக்க வேண்டும். இரும்பால் கீறி, ஒதுக்கி, உள்ளே இருப்பதை உள்ளே இருப்பதோடு பிசைந்துவிட வேண்டும்.

"சவுரி, உன் வண்டியில போன மாசம் கழட்டின பிஸ்டன் மூட்டையில இருக்கா?"

"இருக்குது. எதுக்கு?"

"அதுவும் வார்த்த அலுமினியம்தான். சாதி சாதியோட சேரும். கரண்டியில போட்டு உருக்கி, அந்த மூலையிரும்புப் பள்ளத்துல ஊத்து. குச்சி குச்சியா வரணும். இரும்பக் காயவெச்சுட்டு ஊத்து, ஈரம் இருந்தா மூஞ்சில தெறிக்கும்."

சென்றாயன் புற்றுமண்ணைக் குழைத்து, மேலோட்டின் உட்புறத்தில் ஓட்டை விழுந்த இடத்துக்கு அடியில் கிண்ணம்போல் அப்பினான். உருகியது கீழே விழாமல் தாங்க அது ஒரு கை. அந்த மண் காய வேண்டும். நன்றாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி உலோகத்தைக் கொப்புளிக்க வைத்துவிடும். சின்ன நெருப்பில் வைத்துவிட்டு அவன் காத்திருந்த அந்த நேரம்தான் சென்னப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா மண்ணக் காயவெச்சுட்டு உக்காந்திருக்க? அங்க ஆளு சாகறான்!"

"தெரியுதுங்க."

"தெரிஞ்சுமா உக்காந்திருக்க?"

சென்றாயன் மண்ணைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை அவசரப்படும் என்று அவனுக்குத் தெரியும்.

கரியை ஒரு படுக்கையாகப் பரப்பி, மேலோட்டை அதன்மேல் வைத்து, சுற்றிலும் கூரை ஓட்டுத்துண்டுகளை நட்டு மூடினான். இனி அதை அசைக்கக்கூடாது. சூட்டில் அலுமினியம், ஊறிய முறுக்குபோல் உதிரும். தூக்கினால் தன் எடையிலேயே உடைந்துவிடும். காய்ச்சும் இடத்திலேயே ஒட்டி, ஒட்டிய இடத்திலேயே ஆறவிட வேண்டும். ராமக்கா ஒரு கையில் மாவோடு குந்திக்கொண்டாள். அவன் துருத்தியை ஊதினான்; அவள் தூவினாள்.

"வாசம் வருது." கொஞ்சம் கழித்து, "பழுப்பு." பிறகு, "இந்தப் பக்கம் கறுத்துடுச்சு. அந்தப் பக்கம் இன்னும் இல்ல."

அந்தப் பக்கம் கரியைத் தள்ளினான். எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சூடானால்தான் எல்லாப் பக்கமும் ஒன்றாக விரியும். ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் மறுபக்கம் வெடிக்கும்.

"இப்ப எல்லாம் கறுப்பு."

காஸைப் பற்றவைத்தான். கார்பைடு காஸின் பூண்டு நாற்றம் பரவியது. தீயை மெதுவாக, பஞ்சுபோல் வைத்துக்கொண்டு விரிசலின் அடிமுனையில் தொடங்கினான். நிறத்தைப் பார்க்கவில்லை. இடதுகையில் பிஸ்டன் குச்சி. கூடவே, வளைத்து வைத்திருந்த அரத்தின் வாலை எடுத்து எடுத்துக் கரைகளைத் தடவினான். முதலில் கல்லைக் கீறுவதுபோல் இருந்தது, பிறகு ஈரமணல், அப்புறம் தயிர். தோல் கிழிந்து உள்ளே ஒரு வெள்ளிக்கோடு மின்னியதும் குச்சியை அதில் அழுத்திப் பிசைந்தான். சேர்ந்தது. அவன் விரல்களுக்கு அது தெரிந்தது. அரத்தின் வால் அதிகம் காய்ந்தால் அதுவே உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இன்னொரு வாலைச் சவுரியப்பன் ஆற்றித் தந்துகொண்டிருந்தான். கண்ணில் வழிந்த வேர்வையை ராமக்கா முந்தானையால் ஒற்றினாள்.

"சம்மட்டி நிக்குது," என்றாள் அவள் திடீரென்று.

நின்றிருந்தது. கீழிருந்து கல்லுடைப்பவனின் குரல் வந்தது: "கோட்டத் தொட்டுடுச்சு சாமீ! அடி எடுபட மாட்டேங்குது!"

சென்றாயன் கையை நிறுத்தவில்லை. விரிசல் முடிந்தது. பிய்ந்த விளிம்பு ஒட்டியது. விழுந்துபோன இடத்தைச் சொட்டுச் சொட்டாகக் கட்டியெழுப்பினான், குளவி கூடு கட்டுவதுபோல். கடைசிச் சொட்டு வைக்கும்போது தீ ஒருமுறை சுருங்கி, மஞ்சளாகி, புகைந்தது. ஆக்ஸிஜன் முடிந்துவிட்டது. ஓரத்தில் ஒரு மிளகளவு இடம் சரியாகச் சேரவில்லை. அதற்கு இனி செய்ய ஒன்றுமில்லை.

"சாம்பல்," என்றான். "சூடா இருக்கற சாம்பலா அள்ளிப் போடுங்க. மேல கேழ்வரகு உமி."

மூடினார்கள். புகைந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன மேடு மட்டும் வெளியே தெரிந்தது. சென்னப்பன் அதையும் சென்றாயனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒட்டியாச்சு இல்ல? எடு!"

"இப்ப எடுக்கக்கூடாதுங்க. தானா ஆறணும்."

"தானா ஆறணுமா?" அவர் கவலைத் தொட்டியிலிருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு வந்தார். "லாடம் காச்சினாத் தண்ணியிலதானடா முக்கறீங்க! கொழுவு காச்சினாத் தண்ணியிலதான முக்கறீங்க! இதுக்கு மட்டும் என்ன ராசா வூட்டு மரியாதை?"

அவர் சொன்னதில் தவறில்லை. அந்த ஊரில் பழுக்கக் காய்ச்சிய எதையும் தண்ணீரில்தான் முக்குவார்கள். சென்றாயன் குடத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் அதை இழுத்தார்கள். நடுவில் ராமக்கா வந்து நின்றாள். முகம் வற்றியிருந்தது.

"தம்பி. ஊத்தினா என்ன ஆகும்?"

"ஆறற உலோகம் சுருங்கும்க்கா. ஒட்டு மெதுவா சுருங்கினா மத்ததும் கூட வரும். திடீர்னு சுருங்கினா ஒட்டின எடத்துலயே விட்டுடும். இன்னொரு தடவ ஒட்ட காஸ் இல்ல."

"ஊத்தாட்டி?"

அவன் குடத்தை விடாமல் பிடித்துக்கொண்டான். கீழே சம்மட்டிச் சத்தம் இல்லை.

ராமக்கா திரும்பிக் கிணற்றின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் போய், அதை அணைத்துக்கொள்வதுபோல் கால்களை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"ஊத்தணும்னா எம்மேல ஊத்துங்க கவுண்டரே."

சென்னப்பன் குடத்தைக் கீழே வைத்தார். பிறகு ஓடிப்போய்க் கவலை ஓட்டுபவனைத் தள்ளிவிட்டு மாட்டின் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டார்.

காத்திருந்தார்கள். சும்மா இருப்பது இவ்வளவு கொடுமையான வேலை என்று சென்றாயனுக்கு அன்றுதான் தெரிந்தது. சவுரியப்பன் மட்டும் பஸ்ஸுக்கு ஓடி, ரேடியேட்டரின் ரப்பர் குழாயைக் கழற்றிக்கொண்டு கிணற்றில் இறங்கினான். தண்ணீர் தீர்த்தகிரியின் தாடைக்கு வந்திருந்தது.

"அண்ணே, வாய்க்கு மேல ஏறினா இத வாயில வெச்சுக்கிட்டு மூச்சு விடுங்க. நான் மேல புடிச்சுக்கறேன்."

"கரி நாத்தம் அடிக்குதுடா."

"சேலத்துக்காரனெல்லாம் தெனம் இதைத்தான் மோந்துக்கிட்டுப் போறான். ஒருத்தனும் செத்துடல."

மேலே அந்தப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தீர்த்தகிரியின் குரல் நின்றுவிட்டது. குழாய் வழியாக ஒரு பெரிய மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ராமக்கா அந்த மூச்சுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சாம்பலுக்குள் கையை நுழைத்து, சுட்டதும் எடுத்து, மறுபடி நுழைத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. "இன்னும் இல்ல," என்றாள். யாரும் கேட்காமலே மறுபடியும், "இன்னும் இல்ல."

பிறகு ஒருமுறை நுழைத்த கையை அவள் எடுக்கவில்லை.

"தாங்குதுடா," என்றாள். "கை தாங்குது."

சாம்பலை ஒதுக்கித் தூக்கினான். அழகாக இல்லை. விரிசல் ஓடிய இடத்தில் புண் ஆறிய தழும்புபோல் தடித்த ஒரு கோடு. நகத்தால் தட்டினான், விட்டுப்போன சத்தம் வரவில்லை. விளிம்பை அரத்தால் சமன்செய்தான். கழித்துப்போட்ட ஒரு கவலைச் சாலின் தோலை அறுத்து, நெய்தடவி, விளிம்புக்கு இடையில் கொடுத்தான். மேடைக்கு இறங்கி போல்ட்டுகளை முறுக்கியபோது கீழே கருப்புத் தண்ணீரும் அதில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் குழாயும் தெரிந்தன. குழாயைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவில் நின்ற சவுரியப்பனின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டிருந்தன.

என்ஜின் இரண்டாம் சுற்றில் பிடித்தது. முதலில் இரைச்சல். வெறும் இரைச்சல். சென்றாயன் மேலோட்டின்மேல் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே காற்று கரகரத்தது, இருமியது, சட்டென்று கனத்தது. உலோகம் அவன் கன்னத்தடியில் சில்லிட்டது. மேலே யாரோ கத்தினார்கள்: "ஊத்துது! ஊத்துது!"

சரியாகச் சேராத அந்த மிளகளவு இடத்தில் உள்ளே இழுக்கும் காற்று ஊதல்போல் கிச்சென்றது. அவன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். சத்தம் நின்றது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டான்.

தண்ணீர் இறங்கியதை அவன் பார்க்கவில்லை, கேட்டான். குழாய் மூச்சு நின்று, தீர்த்தகிரி காறித் துப்பும் சத்தம் வந்தது. பிறகு வெகுநேரம் கழித்து முதல் சம்மட்டி. பிறகு அடுத்தது. அவன் கட்டைவிரல் மரத்துப்போனது. மாற்று விரல் வைத்தான். வெளிச்சம் கிணற்றுச்சுவரில் மேலே மேலே ஏறிப்போனது. கடைசியில் ஒரு அடி வேறுமாதிரிக் கேட்டது, முற்றிய தேங்காய் பிளப்பதுபோல். பாறை பிளந்தது.

கவலைக் கயிற்றில் பலகை கட்டி, மாடுகளே தீர்த்தகிரியை மேலே இழுத்தன. மேடையைக் கடந்தபோது அவர் கண்ணைத் திறந்து சென்றாயனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. முழங்காலுக்குக் கீழே இருந்ததைச் சென்றாயன் பார்த்தான். அந்தக் கால் இனி நடக்காது என்று தெரிந்தது. எலும்பு வெள்ளையாக இருந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

ரேடியேட்டர் குழாயை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. ராமக்காவின் குரல், சென்னப்பனின் குரல், சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வழிவிடச் சொல்லிக் கத்தும் சவுரியப்பனின் குரல், எல்லாம் தொப்பூர்ப் பக்கமாகத் தேய்ந்துபோயின.

கீழே இப்போது சேறுதான் மிச்சம். பம்பு தண்ணீருக்குப் பதில் சேற்றையும் காற்றையும் மென்றுகொண்டிருந்தது. அப்படி ஓடினால் உள்ளே தேய்ந்துபோகும். எந்த மெக்கானிக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் உடனே என்ஜினை நிறுத்துவான்.

"நிறுத்துப்பா," என்று மேலிருந்து யாரோ சொன்னார்கள். "எல்லாரும் போயாச்சு."

சென்றாயனுக்கும் தெரியும். ஆனால் அவன் விரல் அந்த மிளகளவு ஓட்டையின்மேல் இருந்தது. அதை எடுக்க அவனால் முடியவில்லை.